முப்பது பை புங்கன் விதை

ஓசூர் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் நான் சூப்பர்வைசர். காட்டில் நடுகிற புங்கனுக்கு முப்பது மரத்தில் காய் பறித்து, மரத்துக்கு ஒரு பையாகத் தர வேண்டும். எல்லாம் ஒரே மரத்துப் பிள்ளைகளாக இருந்தால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும்.

எங்களுக்குக் காய் பறித்துத் தரும் நாட்றாம்பாளையம் மாதம்மா இரண்டே நாளில் முப்பது பையோடு வந்து நின்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"ரோட்டோரம் ஒரு மரத்தை உலுக்கி, பிரிச்சுப் போட்டிருப்பீங்க."

"இல்ல சார். மரத்துக்கு மரம் கூப்பிடு தூரம் விட்டுத்தான் பறிச்சோம். ஊட்டுக்காரரும் கூட வந்தாரு."

"முளைக்கட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் உங்களுக்கு வேலை இல்ல."

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றே ஒவ்வொரு பையையும் தனி வரிசையாக விதைத்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு வரிசை சீக்கிரம் முளைத்தது, இன்னொன்று பத்து நாள் தள்ளி. ஒன்றில் தளிர் செம்பு நிறம், அடுத்ததில் வெளிர்பச்சை. அவர் சொன்னது உண்மைதான்.

கூப்பிட்டனுப்பினேன். வந்தவர் தன் வரிசைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாத்தியில் நின்றார். அதே வாரம் விதைத்த பத்து வரிசையும் அங்கே அச்சடித்ததுபோல் இருந்தன.

"இதுதான் சார் ஒரே மரத்துக் காய். யார் கொண்டாந்தது?"

அந்தப் பாத்தியின் அட்டையில் பத்து மரம் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஜூஜுவாடி ரோட்டில் வண்டியை நிறுத்தி நான் உலுக்கியது ஒரே மரம்.

"நான்தான்" என்றேன். அந்தப் பாத்தியைக் காட்டுக்கு அனுப்பவில்லை.

மாதம்மாவைச் சந்தேகப்பட வேறு காரணமே இல்லை. அப்படி ஏமாற்றலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.