அண்ணைக்கு அனுப்பிய நன்றி

இந்த லண்டனில் பஸ் கொண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு நமக்கு நன்றி சொல்கிறார். ரிக்கெட்டை வாங்கிக்கொண்டு நாமும் அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்துச் சீற்றில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். எங்கள் பருத்தித்துறை பஸ்ஸில் "உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ" என்று தள்ளுவார்களே தவிர, யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. வந்த புதிதில் இந்தத் தாங்யூக்களைக் கேட்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்த நானே பிறகு அந்தப் பழக்கத்தில் போய் விழுந்தேன்.

ஐயா செத்த தந்தி என் கைக்கு வந்தபோது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. விமானத்தில் போக வசதியில்லை. போனாலும் பார்க்க ஐயாவின் முகமில்லை. கட்டிலில் இருந்து தந்தியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வீட்டுக்காரி மிசிஸ் கோல்மன் தேத்தண்ணியோடு வந்து, அடக்கம் எப்போது என்று கேட்டாள். நேற்றே தகனம் முடிந்தது என்றேன். இவ்வளவு அவசரமாகவா என்று திடுக்கிட்டாள். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி விளக்க எனக்குத் தெம்பில்லை. மகன் நீ இங்கே இருக்க, யார் எல்லாம் செய்தது என்றாள். அண்ணன் என்றேன்.

"ஒரே பிள்ளை என்றாயே?"

"பெரியப்பாவின் மகன்."

"ஓ, கசின்" என்றாள் நிம்மதியாக.

தவராசா அண்ணை என்னைவிட ஒரு வயது மூப்பு. ஐயாவுக்குப் பெறாமகன், அண்ணன் பெற்ற மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையாக ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் நுழைந்து நேரே எங்கள் குசினிக்கு வந்து பானையைத் திறந்து பார்ப்பார். ஐயாவோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். நான் செய்ய வேண்டியதையெல்லாம் அவர் செய்தார். தலையும் மீசையும் மழித்தார், கொள்ளி வைத்தார், சாம்பலைக் கடலில் கரைத்தார். நல்ல மீன் படுகிற காலமாம், ஆனாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கடலில் இறங்கவில்லையாம். அம்மா எழுதியிருந்தார்.

அண்ணைக்கு நான் பதிலுக்கு என்ன செய்வேன்? ஏதாவது செய்தாக வேண்டும். இங்கே அயலவர்கள் என் துக்கத்துக்குக் கார்ட் தந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலுக்கு நன்றிக் கார்ட் எழுத மிசிஸ் கோல்மன்தான் பழக்கிவிட்டாள். "உன் கசினுக்கும் எழுது" என்று வெள்ளைப் பூப் போட்ட ஒன்றைத் தந்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. "என் தந்தையாரின் ஈமக்கிரியைகளில் தாங்கள் புரிந்த பேருதவிக்கு என்றும் நன்றியுடையேன்" என்று திருத்தமான தமிழில் எழுதித் தபாலில் போட்டேன்.

ஊரில் நன்றி சொல்லாமலில்லை. அந்தியேட்டி அழைப்பை அச்சடிக்கும்போது அதன் கீழே, பந்தல் போட்டவர், பாடை கட்டியவர், சோறு கறி சமைத்து அனுப்பியவர் எல்லோருக்கும் நன்றி போடுவோம். ஆனால் அது செத்தவீட்டுக்காரர் ஊராருக்குச் சொல்வது. எங்கள் வீட்டு அழைப்பில் நன்றி சொல்பவர்களாக என் பெயருக்குப் பக்கத்தில் அண்ணையின் பெயரும் இருந்தது. சைக்கிளில் வீடு வீடாகப் போய் அதைக் கொடுத்தவரும் அவர்தான். அப்படி அலைந்து களைத்த மனிதனின் கையில் தபால்காரன் என் கார்ட்டைக் கொடுத்திருக்கிறான்.

"அவன் இப்ப பொட்டாலை வாறேல்லை. ரோட்டாலை சுத்தி வந்து, படலையிலை நிண்டு கூப்பிடுறான்" என்று அம்மாவின் அடுத்த கடிதம் சொன்னது.

சில வருடங்கள் கழித்து லீவில் போனேன். அண்ணை தன் வீட்டு விறாந்தையில் கதிரை எடுத்துப் போட்டார். கடைக்குப் போய்ச் சோடா வாங்கி வந்து உடைத்துத் தந்தார். எங்கள் பக்கத்தில் சோடா உடைப்பது விருந்தாளிக்கு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்தேன்.

"அண்ணை, அந்தக் கார்ட்... அங்கை எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை."

"அதுக்கென்ன? முறையாத்தானே எழுதியிருந்தீர்."

பேசப் பழகிய நாளிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்டவர், இப்போது அந்நியனைப் போல "நீர்" போட்டார். நான் விளக்க விளக்க நிலைமை இன்னும் கெட்டது. மன்னிப்புக் கேட்டேன், அதுவும் வெள்ளைக்காரன் கேட்பது போலத்தான் இருந்தது. என்ன செய்து இதைச் சரிக்கட்டுவது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

புறப்படும் நாளில் அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே, "எனக்கு ஒண்டெண்டால் நீ வந்து சேரமாட்டாய், மோனை. அவனை நான் எந்த முகத்தோடை கேக்கிறது?" என்றார். வந்துவிடுவேன் என்று பொய் சொல்ல முடியவில்லை.

எழுந்து கடற்கரைக்குப் போனேன். அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அம்மாவுக்கு ஏதுமெண்டால்..."

அவர் நிமிரவில்லை. "இதை நீர் வந்து சொல்லவேணுமே? சின்னம்மாவுக்கு நான் இருக்கிறன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா ஒண்டு. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் எழுதிப் போடாதையும்."

தலையாட்டினேன். நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. லண்டனில் பழகிய வாய். பல்லைக் கடித்து விழுங்கினேன். வலையின் மற்றத் தலைப்பு என் காலடியில்தான் கிடந்தது. அதைப் பிடி என்று அவர் சொல்லவில்லை. கேளாமல் எடுக்க எனக்குத் துணிவில்லை. கொழும்பு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருக்க, ஈர மணலில் சப்பாத்தோடு நின்றேன்.