எங்கள் தெருக் கரண்டை நிறுத்தியவன்

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அணுமின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி தெரியும். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கிட்ட கீறோம், நம்மளுக்கு கரண்டே போவாது" என்பார்கள். அடுத்த வாரமே கரண்ட் போகும். அப்போதுதான் நான் யார் என்று விசாரிப்பார்கள்.

நான் சென்னையில் மின் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியர். மாநிலத்தில் உண்டாகிற மின்சாரத்தையும் செலவாகிற மின்சாரத்தையும் சமமாக வைத்திருப்பது என் வேலை. மின்சாரத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. உண்டான நொடியிலேயே செலவாக வேண்டும். சமமாக இருந்தால் சுவரிலுள்ள திரையில் ஐம்பது என்று காட்டும். கொஞ்சம் இறங்கினாலே நான் போனை எடுத்துவிடுவேன். இதைத் தெருமுனை டீக்கடையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். டீக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்த வுடு சாரு, நேத்து ரெண்டு மணிக்கு ஏன் போச்சு?" என்பார். நேற்று ரெண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மரில் காக்கை உட்கார்ந்தது. அதற்கும் நான்தான் ஜவாப்தாரி.

ஆனி பிறந்தால் தெற்கே காற்றாலைகள் வெளுத்து வாங்கும். பேப்பரில் சாதனை என்று போடுவார்கள். எங்களுக்கு லீவு ரத்து. காற்று கேட்டுக்கொண்டு வராது, சொல்லிக்கொண்டு போகாது. எப்போது அடிக்கும், எப்போது ஓயும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்துக் கொடுக்கும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தக் கொழுப்பில்தான் அது தப்புகிற அன்றைக்கு நாங்கள் யாரும் தயாராக இருப்பதில்லை.

எங்கள் எதிர் வீட்டு அக்கா மார்க்கெட்டில் மீன் ஏலம் எடுப்பவர். அவர் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலோரம் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அது கூவும். உடனே யாராவது குழாயைக் கழற்றிப் பக்கத்திலிருக்கும் சிலிண்டரில் மாட்ட வேண்டும். சின்ன சிலிண்டர், இரண்டு மணி நேரம் தாங்கும். சாயங்காலங்களில் அக்கா மார்க்கெட்டில் இருப்பார் என்பதால் வீட்டுச் சாவி என் மனைவியிடம் இருக்கும். மின்சாரம் போதாமல் லைன்களை நிறுத்தும்போதும் ஆஸ்பத்திரி லைன்களை நாங்கள் தொடமாட்டோம். ஒற்றைக் கட்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆடி மாதம், சாயங்காலம் ஐந்தரை மணி. தெற்கே யாரும் எதிர்பார்க்காத மழை இறங்கிக் காற்று அப்படியே படுத்துவிட்டது. வெயிலும் போய்க்கொண்டிருந்ததால் சோலார் மின்சாரமும் குறைந்துகொண்டிருந்தது. திரையில் எண் சரிந்தது. அணைகளில் இருக்கிற டர்பைன்களையெல்லாம் ஓட்டச் சொன்னோம். அனல் நிலையங்களைக் கெஞ்சினோம். அவற்றுக்கு அவகாசம் வேண்டுமாம். பக்கத்து மாநிலத்தில் கேட்டால், அவர்களே எங்களிடம் கேட்க இருந்தார்களாம். இனி சில ஊர்களின் லைனை முறைவைத்து அரை மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். பட்டியலை எடுத்தேன்; அதிலுள்ள லைனை நான் போனில் சொன்னால் அந்தந்த சப்ஸ்டேஷனில் நிறுத்துவார்கள். இந்த முறை எங்கள் லைன்.

ஒரு வரி தாண்டி அடுத்த ஊரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். மேலதிகாரி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போன் பேசத் திரும்பியபோது என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"பத்து நிமிஷத்துல கரண்ட் போவப்போவுது, அர மணி வராது. எதிர் வீட்டுக்குப் போய் சிலிண்டரை மாட்டு. யாராண்டயும் சொல்லாத."

சொல்லவில்லைதான். கிளம்பும்போது தண்ணீர் மோட்டாரை மட்டும் போட்டிருக்கிறாள். "டேங்க் காலியா கீது, நாமளும் மனுசங்கதானே" என்று பிற்பாடு விளக்கினாள். கரண்ட்காரன் பெண்டாட்டி நேரங்கெட்ட நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தோடு ஓடினால் எங்கள் தெருவுக்கு விளங்காதா? பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடியது. அதைக் கேட்டு அதற்கடுத்த வீட்டில். ஒருத்தர் கிரைண்டரைப் போட்டார், இன்னொருத்தர் இஸ்திரிப் பெட்டியை. ரூமை முன்கூட்டியே குளிரவைத்துக்கொள்ள ஏசியைப் போட்ட மகாபுத்திசாலியும் உண்டு. மாநிலமே மின்சாரத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் தெரு தீபாவளி கொண்டாடியது. நான் நிறுத்துவதற்கு முன்பே தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பியூஸ் டமாலென்று வெடித்து, கேபிளும் கருகிவிட்டது.

அரை மணியில் அணைத் தண்ணீர் கைகொடுத்து, எண் ஐம்பதுக்கு ஏறியது. மேலதிகாரி என் தோளைத் தட்டினார். நிறுத்திய ஊர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தோம். அப்போது மனைவி போன் செய்தாள்.

"இன்னாங்க, அர மணின்னு சொன்னீங்க? பக்கத்துத் தெருவுலல்லாம் வந்துடுச்சி, நம்ம தெருவுக்கு மட்டும் வரல, மொன டிரான்ஸ்பார்மர்ல பியூஸு வெடிச்சிக் கீது. சிலிண்டர் முள்ளு எறங்கிகினே போவுது."

கன்னியாகுமரி வரைக்கும் மின்சாரம் என் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பியூஸைப் போட எனக்குக் கை இல்லை. எங்கள் பகுதி லைன்மேனைப் பிடித்தேன். அவர் சதுரங்கப்பட்டினத்தில் கம்பிமேல் விழுந்த மரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். "வந்துகினே கீறேன் சார்" என்றார், மரத்தின் மேலிருந்தே.

ஏழரை மணி சுமாருக்கு முள் சிவப்புக்கு இறங்கியது. அக்கா மார்க்கெட்டிலிருந்து மீன் வண்டியோடு வந்து, ஐஸ் பெட்டிகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, புருஷனை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மனுஷன் பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். 

தெருவில் எல்லோருக்கும் என்மேல் கோபம். கரண்ட் போனதற்காக அல்ல. தங்களுக்கும் ஏன் போன் செய்யவில்லை என்று. "வாட்ஸப்புல ஒரு வார்த்த போட்டா இன்னா சாரு, கொறஞ்சா பூடுவ?" என்றார் டீக்கடைக்காரர். டீக்காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நீ நல்லதுதான் நெனச்ச தம்பி. ஆனா சொல்லாம நிறுத்தியிருந்தீன்னா அர மணில வந்திருக்கும். மெஷினு கூவுனா ஒம் பொண்டாட்டி ஓடியாந்திருப்பா. நீ சொன்ன, அதான் இவரு செத்துப் பொழச்சாரு. இனிமே நிறுத்தணும்னா நிறுத்து. சொல்லாத."

ஆவணியில் காற்று மறுபடி ஏமாற்றியது. பட்டியலில் மறுபடி எங்கள் லைன். மேலதிகாரி அன்று லீவு; பக்கத்தில் யாருமில்லை. என் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். மற்ற ஊர்ப் பெயர்களைச் சொன்ன அதே குரலில் எங்கள் லைன் பெயரையும் சொன்னேன்.  நான்கு நிமிடம் கழித்துப் போன் அதிர்ந்தது. மனைவி அனுப்பியிருந்தாள்: "கரண்ட் போச்சு. ஓடிப்போய் மாட்டிட்டேன், மூச்சு நல்லா கீது. நிறுத்துனது நீங்கதானா?"

"ஆமாம்" என்று அனுப்பினேன்.