காலில் விழச் சொன்னார்கள்

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் என் தம்பிக்குப் பாராட்டு விழா நடத்தியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. "விட்டுத் தள்ளுடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். என்னால் முடியவில்லை.

தம்பி கடற்படையில் இருந்தான். ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கி, கடலில் தத்தளிப்பவர்களைப் பிடித்து மேலே அனுப்புவது அவன் வேலை. அந்த வருஷப் புயலில் காசிமேட்டுப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களை அவன்தான் தூக்கினான். பேப்பரில் பெயர் வந்த பிறகுதான் குவார்ட்டர்ஸுக்கு அவன் ஞாபகமே வந்தது. அதுவரை, ஃபிட்டராக இருந்த அப்பாவிடம், "ஃபாக்டரியில சேராம தண்ணியில குதிக்கப் போயிட்டானே உம் புள்ள" என்று சிரித்தவர்கள்தான் எல்லோரும்.

தம்பி லீவில் வந்ததும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பாராட்டு விழாவுக்கு அழைக்க வீடு தேடி வந்தார்.

"இன்னொருத்தரையும் கூப்பிடுங்க சார்," என்றான் தம்பி. "எங்க கப்பல்ல மெடிக்கல் அசிஸ்டென்ட். நான் தூக்கிக் குடுத்தேன், அவ்வளவுதான். உயிரைப் பிடிச்சு வெச்சது அவன்."

"எந்த ஊருப்பா?"

"கேரளா."

"நம்ம ஏரியா ஆளு இல்லையே. ஜனங்களுக்கு யாருன்னே தெரியாது."

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழா. பேனரில் தலைமை விருந்தினர் ஆள் உயரத்துக்கு நின்றார். தம்பியின் படம் ஒரு மூலையில் இருந்தது, கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். விருந்தினர் பூந்தமல்லிப் பக்கம் செல்வாக்கான மனிதர். பிழைத்தவர்களில் இரண்டு பேரை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், மற்றவர் அவருடைய மருமகன். இரண்டு பேரையும் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பெரியவரின் தோளில் இன்னும் கட்டு இருந்தது. என் நாற்காலியைக் கொண்டுபோய் அவருக்குப் போட்டேன்.

"வாணாம்மா. நிக்கச் சொல்லிக்கீறாங்க," என்றார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் விருந்தினர் வந்தார். புயல் நேரத்தில் தான் சோற்றுப் பொட்டலம் கொடுத்ததைப் பற்றி வெகுநேரம் பேசினார். தம்பியின் பெயரைத் தப்பாகச் சொன்னார். செயலாளர் காதில் திருத்தினார். அப்புறமும் தப்பாகவே சொன்னார்.

பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்தார். "உயிர் பிழைத்த மீனவ சகோதரர்கள் இப்போது ஐயாவின் காலில் விழுந்து ஆசி பெறுவார்கள்."

பெரியவர் மேடையேறினார். குனிய முடியவில்லை. நல்ல கையைப் பலகையில் ஊன்றி மெல்ல மண்டியிடப் பார்த்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் போட்டோக்காரர்.

தம்பி எழுந்து போய் அவரைத் தாங்கி நிமிர்த்தினான்.

"யார் கால்லயும் நீங்க விழ வேணாம்."

"பரவால்ல தம்பி, சொன்னாங்க..."

"சொன்னவங்க யாரும் அன்னிக்குத் தண்ணியில இல்ல."

மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. விருந்தினரின் முகம் கறுத்தது. "மரியாதை தெரியாம, உட்காருடா!" என்று செயலாளர் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை.

"கையை எடுங்க சார்! தோள் உடைஞ்ச மனுஷனை மண்டி போடச் சொல்றீங்க. மரியாதை தெரியாதது யாருக்கு?"

விருந்தினர் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார். அவர் பின்னாலேயே சங்கத்துக்காரர்கள் ஓடினார்கள். தம்பிக்கு வாங்கிய பொன்னாடை பிரிக்காமலே மேசையில் கிடந்தது. வேனும் போய்விட்டது. மீனவர்கள் இருவரையும் நாங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனோம்.

சாப்பிடும்போதுதான் நடந்ததைக் கேட்டோம். தம்பி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பலகையைக் கட்டிப் புடிச்சிகினு இருந்தேன்மா," என்றார் பெரியவர். "இவுரு வந்ததும் பயத்துல இவுரு கழுத்தைப் புடிச்சு நெரிச்சிட்டேன். ரெண்டு பேரும் உள்ள போயிட்டோம். அப்பவும் இவுரு என்னை உடல. கம்பியில தூக்குற பெல்ட்டை எனக்கு மாட்டிகினே, 'உன் மருமவன் மேல போயிட்டான், நீயும் போ'ன்னு காதுல கத்துனாரு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

மீதியை மருமகன் சொன்னான். "கப்பல்ல மாமாவுக்கு மூச்சே இல்ல. அந்த மலையாளத்து அண்ணன் வாயில வாய் வெச்சு ஊதுனாரு, நெஞ்சை அமுக்கினாரு. மாமா கண்ணத் தொறந்துட்டாரு. பக்கத்துல எங்க ஆளு இன்னொருத்தர். அவருக்கும் அதே மாதிரி பண்ணாரு. போதும்னு மத்தவங்க சொல்லியும் நிறுத்தல. அவரு முழிக்கல. அந்த அண்ணன் அங்கியே உக்காந்து அழுதாரு."

தம்பி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், சாப்பிடவில்லை. அப்பா அவன் முதுகில் கை வைத்தார். அப்பா அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள், நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அப்பா வாசலை மறித்து நின்றார். "எம் பொண்ணு கேக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன். போய்ச் சொல்லு."

தம்பி கப்பலுக்குத் திரும்பினான். எங்கள் குடும்பத்தைச் சங்கம் எதற்கும் கூப்பிடவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வேலைக்காக நான் தினமும் ரயில் பிடிக்கும் ஆவடி ஸ்டேஷனில் அந்தச் செயலாளர் அவ்வப்போது எதிரே வருவார். என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்பிக்கொண்டதில்லை. அவர் என்னைக் கடந்து போகும்வரை முறைத்துக்கொண்டே நிற்பேன்.