நான் புரியாமல் படித்த மராத்தி வரி

அன்று வாசகசாலையில் நான் இருந்தேன். இசக்கியம்மாள் அக்கா இருந்தார். மராத்தி நன்றாகத் தெரிந்த நூலகர் இல்லை, மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். அக்காவின் கணவரும் இல்லை, குர்லா பட்டறையில் வேலைக்குப் போயிருந்தார். எனக்குப் புரியாத ஒரு வரியைப் புரிந்ததாகச் சொல்லி, அவர்கள் வீட்டைப் பறிபோக வைத்தவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தாராவியில் எங்கள் வாசகசாலைக்குக் கதைப்புத்தகம் தேடி வருபவர்கள் குறைவு. ரேஷன் அட்டை, விதவை உதவித்தொகை, சாதிச் சான்றிதழ்... அரசாங்கம் எதை எங்கே வெளியிட்டிருக்கிறது என்று கேட்டு வருபவர்களே அதிகம். கணினியில் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பா வயதுக்காரர்கள்கூட என்னை ‘சார்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நான் எப்படி ஏங்கிக் கிடந்தேன் தெரியுமா?

நான் தமிழ்வழியில் படித்தவன். மராத்தி எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன், பெயர்களைக் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அரசாங்க மராத்தி... அதன் பொருள் எனக்கு எட்டாது. ‘புரியாததை ஊகித்துச் சொல்லாதே, என்னிடம் கேள்’ என்று நூலகர் சொல்லியிருந்தார்.

குடிசை மாற்றுத் திட்டத்தில் புது வீடு யார் யாருக்கு என்ற வரைவுப் பட்டியல் அன்றுதான் இணையத்தில் வந்திருந்தது. அக்கா ஒரு பை நிறையக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கா தம்பி? ரேஷன் கார்டுல அவரப் பொம்பளையாப் போட்டுட்டானுவ. இங்கயாவது ஆம்பளையா இருக்காரா?”

பெயர் இருந்தது. ஆம்பளையாகவே! அதே வரிசையின் கடைசியில் நீளமாக ஒரு மராத்தி வாசகம்.

“அது என்னப்பா எழுதியிருக்கான்?”

படித்தேன். புரியவில்லை. ‘தெரியவில்லை அக்கா’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

“வெரிஃபை பண்ணியாச்சுன்னு போட்டிருக்குக்கா.”

“அப்ப இந்தக் காயிதம்லாம்?” பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த பழைய வாக்காளர் பட்டியல் நகலை எடுத்து நீட்டினார்.

“ஒண்ணும் வேண்டாம். உள்ள வைங்க.”

“சார் சொன்னாச் சரிதான்!” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் நூலகர் திரும்பி வந்தார். வேறொருவருக்கு அதே வாசகத்தை அவர் தமிழில் சொல்லக் கேட்டேன். குடியிருந்ததற்குச் சான்று போதவில்லை. பதினைந்து நாட்களுக்குள் பழைய வாக்காளர் பட்டியல் நகலைத் தராவிட்டால் வீட்டுக்குத் தகுதியில்லை. அக்கா நீட்டிய அதே காகிதம்! இன்னும் மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் செய்தது வீண்பெருமை. இனிச் சொல்லப்போவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அன்று மாலையே அவர்கள் சந்துக்குப் போனேன். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்கென்ன மகாராணி, இனி லிப்ட்டுலதான ஏறுவ!” என்றாள் ஒருத்தி.

“ஏட்டி, இந்தத் தம்பிதான் படிச்சுச் சொல்லிச்சு. ஏஜென்டுக்கு ஒரு பைசா அழல. நம்ம புள்ள ஒருத்தன் படிச்சிருக்கான்லா!”

என் கையிலும் ஒரு கிண்ணம் வந்தது. தின்றேன். ஒரு சொல் சொல்லாமல் திரும்பினேன்! நாளை சொல்லலாம்... மறுநாளும் அப்படியே நினைத்தேன். பதினைந்தாம் நாளும் முடிந்தது.

இறுதிப் பட்டியலில் ‘தகுதியில்லை’ என்று வந்தபோது அக்கா ஓடி வந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆபீஸ்ல மாத்திட்டானுவக்கா.”

நம்பினார். அலுவலகத்தைச் சபித்தார், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மேல்முறையீட்டு மனுவை என் கையாலேயே எழுதினேன். அதிலும் உண்மையை எழுதவில்லை. மனு தள்ளுபடியானது.

குடிசையை இடித்துவிட்டார்கள். இப்போது தொலைவில், மான்குர்த்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். நான் அதே நாற்காலியில்... ஒவ்வொரு வரியையும் நூலகரிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். அதனால் யாருக்கு என்ன? போன வாரம் அக்கா இன்னொரு படிவத்தோடு ரயில் ஏறி வந்தார்.

“ஒன்ன விட்டா எனக்கு யாருப்பா இருக்கா?”

பூர்த்தி செய்து கொடுத்தேன். வாய் திறந்தேனா? இல்லை!

பேச்சுவாக்கில் அவரே கணக்குச் சொன்னார். பெயர் தள்ளுபடியான பிறகு பிடித்த ஏஜென்டுக்கு, வக்கீலுக்கு, புது அறையின் டெபாசிட்டுக்கு. காதில் கிடந்த கம்மலும் அதற்குள் அடக்கம். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய். வீட்டைச் சேர்க்காமல்.