சகலை கட்டிய மென்பொருள்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சதவீத எண். நான் பார்த்தபோது எண்பத்தேழு. ஆயுத பூஜையன்று பகலில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறையின் கண்ணாடி அறைக்குள் தனியாக நின்றிருந்தேன். அந்த எண் நூறைத் தொடக் கூடாது என்று மனதார விரும்பினேன்.

அதை ஓடவிட்டிருந்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவர். நானும் அவரும் படித்தது பத்தாவதுதான். அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே விரிசலோ காற்றுக்குமிழியோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பட்டறையின் தொழில். பார்த்துச் சொல்பவன் நான். அதிகம் பேசத் தெரியாத எனக்கு அங்கே கிடைத்த மரியாதை எல்லாம் என் கண்ணால் வந்தது. அவரை நான்தான் உள்ளே சேர்த்துவிட்டேன், பெட்டி தூக்கும் வேலைக்கு.

படங்களைத் தெளிவாக்கி அளந்து காட்டும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று முதலாளி கேள்விப்பட்டார். எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குப் பொருந்துவதாக அது தயாராகக் கிடைக்கவில்லை. அதன் மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்து, அதாவது நம் கம்ப்யூட்டரில் ஓடும்படி கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் விழித்தபோது சகலை, "நான் பாக்குறேன் சார்" என்றார். ஐயப்பன்தாங்கலிலிருந்து வரும் பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். பிழை வந்தால் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார், மறுநாள் விடையோடு வருவார். முதலாளி அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். "இது வந்துட்டா கண்ணை நம்பி ஓட்ட வேணாம்பா" என்று என் முன்னாலேயே சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூஜை நேரத்தில் எங்கள் பட்டறையில் எதுவும் ஓடக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் சந்தனம் குங்குமம் வைப்போம். வருடாவருடம் இறக்குவது நான். பூசணிக்காய் வாங்கக் கிளம்பும்போது சகலை சொன்னார்: "சகல, நான் வர்ற வரைக்கும் மெயினாண்ட போவாத. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

முதலாளி குளித்துக்கூட வரவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தேன், மெயினை இறக்கினேன். யுபிஎஸ் பாட்டரி செத்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சகலை வந்து இருண்ட திரையைப் பார்த்தார். "மொதலாளி அவசரப்படுத்திட்டாரா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "சரி வுடு, பூஜைக்கு நிறுத்தித்தானே ஆவணும்" என்று பூசணிக்காயை என் கையில் கொடுத்தார்.

விஜயதசமியன்று காலை, பேருக்குக் கொஞ்ச நேரம் மெஷின்களை ஓட்டுவோம். அவர் வேலை முழுதும் பாழ் என்று நினைத்திருந்த நான் பக்கத்தில் போய் நின்றேன். சகலை எதையோ தட்டினார். எண்கள் பூஜ்யத்திலிருந்து தாவிக்கொண்டு எண்பதைத் தாண்டின. "கட்டி முடிச்சதெல்லாம் அப்படியே கீது சகல. பாதியில நின்ன ஃபைலு ஒண்ணுதான் அவுட்டு. அதை அழிச்சிட்டு மறுபடி உட்டா போதும்" என்றார். பதினொரு மணிக்குள் நூறு வந்துவிட்டது. முதலாளி கைதட்டினார். "நல்ல நாளா பாத்து முடிச்ச பாரு, அதான்யா ராசி!" அந்த நல்ல நாளை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் மாங்காட்டில் மாமியார் வீட்டு விருந்தில் பக்கத்துப் பக்கத்து இலை. எப்படியோ சொல்லிவிட்டேன். "அன்னிக்கு மொதலாளி ஒண்ணும் சொல்லல. நானாத்தான் மெயினை இறக்கினேன். பொறாமையில."

சகலை மென்றுகொண்டே திரும்பினார். "போ சகல! உனக்கு இன்னாத்துக்குப் பொறாமை? சந்தேகம்னா இன்னிக்கும் படத்த உன்கிட்டத்தானே நீட்டுறாரு. அந்த சாப்ட்வேரு வந்து உனக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?" என்றவர், பரிமாறிய மைத்துனனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்னொருவன் தனக்குக் கெடுதல் நினைப்பான் என்பதே தோன்றாமல் ஒரு மனிதர் இத்தனை வருடம் என் பக்கத்திலேயே வேலை செய்திருக்கிறார். கம்பைல் செய்வதைக்கூட நான் முயன்றிருந்தால் கற்றுக்கொண்டிருப்பேன். இந்த மனசை எந்த வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்வது? குனிந்து சாப்பிட்டேன். வயிறு பழையபடி எரிந்தது.