பெட்டிக்குள் போன பன்னிரண்டு பெயர்கள்

1. தொலைபேசி

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. மேல்மாடிச் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து எங்கள் பிரிவுக்கு அழைப்பு வந்தது. எடுத்தது நான். மறுமுனையில் இருந்த தாதி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உங்கட பெட்டியைத் திறந்தம். உள்ளுக்கை பன்னிரண்டு பேர் இருக்கினம்.”

“என்னது?”

“பெயர்கள். கையாலை எழுதின பன்னிரண்டு பெயர். ஒவ்வொண்டுக்கும் பக்கத்திலை சரியும் போட்டிருக்கு. நான் கேட்டது முழங்கால் பெட்டி, நாற்பத்திரண்டு சாமான். இந்த ஆக்களை நான் ஓடர் பண்ணேல்லை.”

பேச்சு நடந்தது நோர்வேஜிய மொழியில். எங்கள் பிரிவில் எல்லோரும் அந்த மொழியில்தான் கதைத்தோம். இங்கே அதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் மரிவிக் தன் மேசையில் அடுத்த பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மேற்சட்டைப் பைக்குள் கையை விட்டார், மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார், அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கையில் இருந்தது கருவிப் பட்டியல். மேலே போயிருந்தது அவருடைய நாட்டின் தேர்தல்.

2. நிலக்கீழ் அறை

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்திரசிகிச்சையில் பயன்பட்ட கருவிகள் எல்லாம் ஒஸ்லோவில் இருந்த எங்கள் மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்துக்கு வரும். கழுவுவோம், எண்ணுவோம், பெட்டியில் அடுக்குவோம், நூற்று முப்பத்துநான்கு பாகை நீராவியில் வைப்போம். அடுக்கும் அறையில் எல்லாமே வெள்ளை: சுவர், உடை, தொப்பி, வெளிச்சம். கூரையை ஒட்டி நீளமான ஒரு சன்னல் மட்டும் உண்டு. அதன் வழியாக நடப்பவர்களின் சப்பாத்துகள் தெரியும். பனிக்காலத்தில் அதுவும் மூடிவிடும். அப்போது நீராவி யந்திரத்தின் ஒலிக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய மிருகத்தின் மூச்சுக்குள் இருப்பதுபோல இருக்கும். எத்தனை மணி என்பது மறந்துபோகும்.

நான் இதற்கென்று படித்துச் சான்றிதழ் எடுத்தவள். எனக்குப் பட்டியல் பிடிக்கும். சுவரில் நான்கு விதிகள் தொங்கின.

ஒன்று, பார்க்காததற்குக் கையொப்பம் இடக்கூடாது.

இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பேர் கையொப்பம்: அடுக்கியவர், சரிபார்த்தவர்.

மூன்று, பிழையாக எழுதியதை அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும். கோட்டின் கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் திகதியும் கையொப்பமும்.

நான்கு, சொந்தக் கடதாசி உள்ளே வரக்கூடாது.

மரிவிக் என்னை விட ஆறு வயது மூத்தவர். பிலிப்பைன்ஸில் ஒரு தீவில் இரசாயனம் படிப்பித்த ஆசிரியை. நோர்வேக்காரர் ஒருவரை மணந்து வந்து, எங்கள் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தார். அவர்களுடைய மொழியில் ‘ஆத்தே’ என்றால் அக்கா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைச் சுகி என்பார்.

3. தேர்தலுக்குத் தேர்தல் வளரும் வீதி

ஓய்வு அறையில் ஆத்தே கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் நாட்டு அரசியலைக் கதைப்பார். சத்தம் போடமாட்டார். காலையில் கண்ட கனவைச் சொல்வதுபோல இருக்கும்.

அவர்களுடைய வாக்குச்சீட்டில் அப்போது பெயர்கள் அச்சடித்திருக்காது. வெறும் கோடுகள்தான். செனட்டுக்கு மட்டும் பன்னிரண்டு பெயர்களை வாக்காளரே கையால் எழுத வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் கடதாசியில் பெயர்களை எழுதிக்கொண்டு போவார்கள்.

“பன்னிரண்டு பெயரை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது? அதாலைதான் நடிகர்மார் வெல்லுகினம். பெயர் வாயிலை நிக்கும்,” என்பார்.

அங்கே தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் இருப்பதும் ஆசிரியர்கள்தான். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, கோணல்மாணலான பெயர்களை உரக்க வாசிக்க, இன்னொருவர் கோடு கோடாகப் பதிவார். “ஒருத்தர் பன்னிரண்டு கோட்டிலையும் தன்ரை எருமையின்ரை பெயரை எழுதியிருந்தார். நானும் மரியாதையா வாசிச்சனான்.”

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வீதியின் கதை. பெரிய வீதியிலிருந்து அவருடைய அம்மாவின் வீட்டுக்குப் போகும் மண்பாதைக்குக் கொங்கிறீற் போடும் வேலை, தேர்தல் வரும்போது மட்டும் நடக்கும். ஒவ்வொரு முறையும் முந்நூறு மீற்றர். பிறகு அடுத்த தேர்தல் வரை அது புல்லுக்குள் அப்படியே முடிந்திருக்கும்.

“இப்ப தச்சன்ரை வீடு வரைக்கும் வந்திட்டுது. இன்னும் ஆயிரத்து இருநூறு மீற்றர்.”

நான் கைதுடைக்கும் தாளில் கணக்குப் போட்டேன். “நாலு தேர்தல். மூண்டு வருசத்துக்கு ஒண்டு எண்டால் பன்னிரண்டு வருசம், ஆத்தே.”

“அம்மாவுக்கு எழுபத்தொண்டு,” என்றார். பிறகு மேலே சன்னலைப் பார்த்தார். அன்று யாருடைய சிவப்புச் சப்பாத்துகளோ மஞ்சள் இலைகளை மிதித்துக்கொண்டு போயின.

4. சனிக்கிழமைக்கு முன்னால்

தொலைபேசி வந்த ஏப்ரலுக்கு முந்திய ஒக்ரோபர். வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் மக்களும் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. தூதரகத்து ஆட்கள் ஒரு சனிக்கிழமை ஒஸ்லோவுக்கு வந்து பதிவு செய்வார்கள். ஆத்தே படிவத்தை எனக்குக் காட்டினார். நிரந்தர வதிவிட உரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடுதலாக ஒரு சத்தியக் கடதாசியில் கையொப்பம் இட வேண்டும். மூன்று வருடங்களுக்குள் நாட்டுக்குத் திரும்பி அங்கேயே நிரந்தரமாக வாழ்வேன் என்று. திரும்பாவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டலாம்.

“எல்லாரும் வைக்கினம்,” என்றார் ஆத்தே. “ஒரு சிநேகிதி சொல்லுறாள், அது சும்மா ஒரு கையெழுத்து எண்டு. எனக்கு ஒவ்வொரு நாளும் முப்பது பெட்டிக்குக் கையெழுத்து வைச்சுப் பழகிப்போச்சு, சுகி. சும்மா ஒண்டு வைக்கத் தெரியாது.”

“உங்கட மனுசன் என்ன சொல்லுறார்?”

“அவரோ? அந்த வெயிலுக்கு மூண்டு வருசம் தேவையில்லை, மூண்டு நாளிலை உருகிப்போவன் எண்டார்.”

சிரித்தோம். ஆனால் கடதாசி மேசையிலேயே கிடந்தது. ஆத்தே வாக்களிக்க விரும்பினார். பதினொரு வருடம் மற்றவர்களின் வாக்கை உரக்க வாசித்தவர். பொய் சொல்லாமல் வாக்களிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சனிக்கிழமை வரை நேரம்.

அன்று மாலை மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா காருக்குப் பனிக்கால ரயர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் நட்டுகளை எடுத்துக் கொடுத்தபடி இந்தக் கதையைச் சொன்னேன்.

“நானும் அகதியா இஞ்சை வந்த அண்டைக்கு ஒரு கடதாசியிலை வைச்சனான். திரும்பிப் போகேலாது எண்டு.”

“அது உண்மைதானே அப்பா.”

“ஓம் பிள்ளை, உண்மைதான். ஆனா வைக்கேக்கை உள்ளுக்கை ஒரு கணக்கு ஓடினது. ஒரு மூண்டு வருசத்திலை சண்டை எல்லாம் அடங்கிடும், போயிடலாம் எண்டு.”

“அப்ப பொய்யோ?”

“அதெப்பிடிப் பொய்? அண்டைக்கு ரெண்டும் உண்மை.” நட்டுச் சாவியை முழுப் பலத்தோடு ஒருமுறை திருப்பினார். “மற்ற நட்டை எடு, இருட்டப்போகுது.”

வெள்ளிக்கிழமை இதை ஆத்தேயிடம் சொன்னேன். “உங்கட அப்பா போகேலாது எண்டு எழுதிப்போட்டுப் போக நினைச்சிருக்கிறார். நான் போவன் எண்டு எழுதிப்போட்டு...” என்று தொடங்கி, முடிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை வந்ததும் சொன்னார்: “வைச்சிட்டன்.”

“முதலாவது விதி?”

“பாத்திட்டுத்தான் வைச்சனான். பேனையைத் தந்தவுடனை கண்ணை மூடினன். வீதி தெரிஞ்சுது. கொங்கிறீற் முடியிற இடத்திலை இறங்கி, செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு நான் நடந்து போறன். அம்மா கேற்றைத் திறக்கிறா. அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது.”

5. இரண்டாவது கையொப்பம்

வசந்தத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. ஆத்தே ஒரு வாரம் பெயர்களைத் தேர்ந்தெடுத்தார். எழுதினார், வெட்டினார், மீண்டும் எழுதினார். இறுதிப் பட்டியலை எழுதியது எங்கள் பிரிவில் மிஞ்சிய தாள் ஒன்றில், நீராவியைத் தாங்குகிற அதே தாளில். முடிவு செய்த ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பழக்கதோஷத்தில் சரி போட்டார். இடைவேளையில் சீட்டை நிரப்புவதற்காகப் பட்டியலைப் பைக்குள் வைத்திருந்தார். நான்காவது விதி அங்கே முறிந்தது.

கருவிப் பட்டியலை இரண்டாக மடித்து, பிறகும் இரண்டாக மடித்துப் பெட்டிக்குள் வைப்பது எங்கள் வழக்கம். தன் பட்டியலையும் அவர் அப்படியே மடித்திருந்தார். கை மாறிப்போனது.

பிழை அத்தோடு நின்றிருக்க வேண்டும். சரிபார்க்க வேண்டியவள் நான். நாற்பத்திரண்டு கருவிகளையும் எண்ணினேன். மடித்த தாள் இருப்பதைக் கண்டேன். விரிக்கவில்லை. அடுக்கியது ஆத்தே என்றால் விரிக்கத் தேவையில்லை என்பது ஒரு வருடமாக என் வழக்கமாகிவிட்டிருந்தது. வெளியே ஒட்டிய சீட்டில் என் கையொப்பத்தை இட்டேன்.

பட்டியல் இல்லாத பெட்டியைக் கூடத்தில் பயன்படுத்த மாட்டார்கள். மாற்றுப் பெட்டி போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆனது. மயக்க மருந்து இன்னும் கொடுக்கவில்லை. ஒரு வயோதிபர் பச்சைப் போர்வைக்குக் கீழே, கூரையைப் பார்த்தபடி அந்த நாற்பது நிமிடமும் படுத்திருந்தாராம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கூரையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவி பெரித் இருவரையும் கூப்பிட்டார்.

“பிழை என்ரை. சுகியிலை ஒண்டும் இல்லை,” என்றார் ஆத்தே.

“ரெண்டாவது கையெழுத்து ஆரின்ரை?”

“என்ரை,” என்றேன்.

“அப்ப பிழையும் ரெண்டு,” என்றார் பெரித்.

அறிக்கையை நானே எழுதினேன். நடந்தவற்றை நடந்த ஒழுங்கில், எண் போட்டு. ஆத்தேயின் நிரந்தர வேலைக்கான முடிவு அந்த மாதம் வர இருந்தது. அது இலையுதிர்காலம் வரை தள்ளிப்போனது. வேலை கிடைத்த அன்று அவர் கேக் கொண்டுவந்து, என் துண்டை மட்டும் பெரிதாக வெட்டினார்.

பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரித் சொன்னது இன்னும் எங்கள் பிரிவில் ஓடுகிற பகிடி: “நூற்று முப்பத்துநாலு பாகையிலை அவிச்சும் ஒருத்தரும் கரையேல்லை. உங்கட அரசியல்வாதியள் நல்ல உறுதியான ஆக்கள்.”

ஆத்தே அந்தப் பழுப்பேறிய தாளைப் பார்த்துத்தான் வாக்குச்சீட்டை நிரப்பினார். “எங்கட நாட்டிலை இவ்வளவு சுத்தமான பட்டியல் முந்தி இருந்திருக்காது.”

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வென்றார்கள். வீதி வளரவில்லை. அந்த முறை, முன்பு போட்ட முந்நூறு மீற்றருக்கு மேலேயே இன்னொரு தடவை போட்டுவிட்டுப் போனார்களாம்.

6. ஒற்றைக் கோடு

கையொப்பம் இட்டு மூன்று வருடங்கள் முடிகிற ஒக்ரோபர் வந்தது. அதற்குள் ஆத்தே ஹொல்ம்லியாவில் தொடர்மாடி வீடு வாங்கியிருந்தார். மகள் பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அம்மாவிடம் “நான் வரட்டோ?” என்று கேட்டபோது, “றோட்டு வரட்டும், பிறகு நீ வா,” என்றாராம் அம்மா.

அன்று ஓய்வு அறையில் வேறு ஒருவரும் இல்லை. சன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் பனி, தரையில் நிற்காத பனி. ஆத்தே தன் பையிலிருந்து சத்தியக் கடதாசியின் பிரதியை எடுத்து மேசையில் விரித்தார். பேனையைத் திறந்து, ‘மூன்று வருடங்களுக்குள்’ என்று இருந்த சொற்களின் மேல் ஒரு கோடு போட்டார். ஒற்றைக் கோடு. பக்கத்தில் திகதி. பக்கத்தில் கையொப்பம்.

“தூதரகத்துக்கு அனுப்பப்போறீங்களோ?”

“இல்லை. அவை வெட்டுறதெண்டா என்ரை பெயரை வெட்டட்டும், அது அவையின்ரை பட்டியல். இது என்ரை பிரதி. இதிலை பிழை திருத்தாமல் இருக்கக்கூடாது.”

“திரும்பிப் போறன் எண்டதை வெட்டேல்லையே, ஆத்தே?”

“அதிலை பிழை இல்லையே.”

கடதாசியை நான்காக மடித்து, பேனையோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார். “சரிபார்க்கிற ஆள்.”

இப்போது நான் புதியவர்களைப் பயிற்றுகிறேன். அவர்களுக்கு நான்கு விதிகளும் சுவரில் இருக்கின்றன. நான் வாயால் சொல்வது ஒன்றுதான்: எண்ணிக்கை சரியாக இருந்தாலும், அடுக்கியவர் யாராக இருந்தாலும், மடித்ததை விரியுங்கள்.

அன்று நான் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தேன். முதல் வரியிலிருந்து விரலை வைத்து வாசித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே பழைய சொற்கள் வாசிக்கக்கூடியதாக இருந்தன. ஆத்தே அவசரப்படுத்தவில்லை. அவருடைய கோப்பி ஆறிப்போனது.

பிறகு அவருடைய கையொப்பத்துக்குக் கீழே என்னுடையதை இட்டேன்.