இடையனின் கால்களைக் கழுவியவன்

அந்தப் படத்தில் இருந்த இருட்டு, யாரோ சரியாகப் போட்டோ எடுக்கத் தெரியாததால் வந்த கோளாறு என்றுதான் நம்பினேன். தொழில் அப்படி. பிரிக்பீல்ட்ஸில் பேனர் அச்சடிப்பவன் நான். கல்யாணமோ திருவிழாவோ, முகத்தைக் கொஞ்சம் வெளுத்துக் கொடுத்தால்தான் வாடிக்கையாளர் சிரிப்பார்.

கிள்ளானில் ஒரு தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் பேனர். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர், நானூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்துப் படம் அனுப்பியிருந்தார்: மாட்டுக் கொட்டில், வைக்கோலில் குழந்தை, மண்டியிட்ட இடையர்கள். முக்கால்வாசி கறுப்பு. வெளிச்சத்தை ஏற்றினேன். முன்னால் இருந்த இடையனின் உள்ளங்கால் அழுக்கைத் துடைத்து ரோஜா நிறமாக்கினேன். மாடுகூடச் சிவப்பாகிவிட்டது. லோரியில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பாராட்டு வாங்கலாமென்று நானே போன் போட்டேன்.

"டீச்சர், காலெல்லாம் சுத்தமா கழுவிட்டேன், பாத்தீங்களா?"

"இப்பதான் பிரிச்சேன். கால் கழுவுற சடங்கு பெரிய வியாழனுக்குத் தம்பி. கிறிஸ்துமஸ்ல நீ ஏன் கழுவுற?"

மூலப் படத்தைத் திரையில் திறந்தேன்.

"அந்தக் கொட்டில்ல விளக்கு இருக்கா? புள்ளகிட்டேருந்துதான் வெளிச்சமே வருது. அத முந்தியே ஒரு இத்தாலிக்காரர் வரைஞ்சு காட்டுனாரு. அப்புறம் இன்னொருத்தர், தெருவுல நடக்கிற ஏழைங்கள அழுக்குக் காலோட சாமி படத்துக்குள்ள கொண்டாந்து, சுத்தி இருட்டாக்குனாரு. ரெண்டு பேரையும் பாத்துக் கத்துக்கிட்டவரு இந்தப் படத்த வரைஞ்சவரு. நீ மூணு பேரையும் சேத்து அழிச்சிட்டே லா! சாயந்திரம் பூசைக்குச் சுவத்துல என்னத்த மாட்டுறது?"

எங்கும் வெளிச்சம் போட்டுப் பிள்ளையின் வெளிச்சத்தை அணைத்திருக்கிறேன். அதுவும் நெற்றியில் விபூதியோடு! இனி வாட்ஸ்அப்பில் என் முகம் சுற்றும், போலீஸில் புகார் போகும். ஜாமீனில் வரும்போது எந்தச் சட்டை போடலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

கை வைக்காத மூலப் படத்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன். இயந்திரம் சாவகாசமாகக் கறுப்பைக் கக்க, பக்கத்தில் நின்று அதை அதட்டினேன். மை காய்வதற்குள் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினேன். சுபாங் ஜெயா அருகே ஜேம், வண்டிகள் நகரவில்லை. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரரிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"பாஸ், கிள்ளான்ல பூச ஆரம்பிச்சிருப்பாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும் பாஸ்? நான் சாப்பாடு கொண்டு போறேன்."

போய்ச் சேர்ந்தபோது சுவர் காலியாக இருந்தது. ஏணியைப் பிடித்தபடி ஆசிரியை காத்திருந்தார். பூசைக்கு முன் இருண்ட படம் ஏறிவிட்டது. ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. வெளுத்த பேனரைக் கவிழ்த்துப்போட்டு, மோட்டார்கள் நிறுத்துமிடத்தில் மழைக்குக் கூரையாகக் கட்டினார்கள்.